மூக்காலை விடுங்கோ, மாமி

புஷ்பவதியின் மூக்கு செத்துப்போனது ஒரு தை மாதத்தில். அந்தக் கிழமை அவளுக்கும் மகள் சிவாஜினிக்கும் சேர்ந்தே காய்ச்சல் வந்தது. மகளுக்கு நாலு நாள் இருமலோடு விட்டுவிட்டது. புஷ்பவதிக்கும் இருமல் போனது. ஆனால் போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தடிமன் பிடித்தால் மூக்கு அடைக்காதா என்று இருந்தாள். ஒரு மாதம் போனது, கோடை வந்தது, மறுபடி பனி கொட்டியது. ஒன்றும் திரும்பவில்லை. சோறு நனைந்த கடதாசிபோல இருந்தது. கோப்பி வெறும் சுடுதண்ணீர். உப்பும் உறைப்பும் நாக்கில் தெரிந்தன, அவ்வளவுதான். பசித்துச் சாப்பிடுவதை விட்டு, மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடப் பழகினாள். கனடாவில், ஷபானெல் தெருவில் குளிர்மேலங்கி தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள், "என்ன அக்கா, மெலிஞ்சு வடிவாயிட்டியள்" என்றாள்.

இவையெல்லாவற்றையும்விட அவளை வதைத்தது வேறொன்று. தன் உடம்பு மணக்கிறதா நாறுகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டுதரம் குளித்தாள். துவைத்த சட்டையை மறுபடி துவைத்தாள். பேருந்தில் யாராவது எழுந்து வேறு இருக்கைக்குப் போனால், தன்னால்தானோ என்று மனம் குறுகிப்போனாள். மகளின் கல்யாணத்தன்று மண்டபம் முழுக்க மல்லிகையும் சந்தனமுமாக இருந்ததாம். வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். கணவர் நகுலேஸ்வரன் உயிரோடு இருந்திருந்தால் அவரிடமாவது சொல்லி அழுதிருப்பாள். மகளிடம் இதையெல்லாம் விரிவாகச் சொல்லவில்லை. குடும்ப வைத்தியர் "காத்திருங்கள்" என்றார். அவள் காத்திருந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு மருமகன் பிருந்தனும் அவர்களோடு நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த அந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கராஜ் ஒன்றில் கார்களுக்கு வர்ணம் கலந்து அடிக்கிற வேலை அவனுக்கு. நல்ல பிள்ளை, ஆனால் மாமியைக் கண்டால் வாய் கட்டிவிடும். "ஓம் மாமி", "சாப்பிட்டன் மாமி", "வாறன் மாமி" என்பவற்றைத் தாண்டி ஒரு வருடத்தில் அவன் பேசியது கொஞ்சம். வேலையால் வந்ததும் பின்பக்கத்துப் பல்கனிக்குப் போய்விடுவான். போனில் கதைக்கப் போகிறான் என்று புஷ்பவதி நினைத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு உடுப்பு மடிக்கப் போனாள். பருப்பு வற்றி, அடிப்பிடித்து, கருகி, குசினி முழுக்கப் புகை மண்டியது. அவளுக்கு எதுவும் தெரியவில்லை. முகட்டில் இருந்த அபாய மணி வீரிட்டபோதுதான் ஓடிவந்தாள். சிவாஜினியும் படுக்கையறையிலிருந்து பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தாள்.

"அம்மா! வீட்டையே எரிச்சுப் போடுவியள் போல கிடக்கு!"

மகள் பயத்தில் கத்தினாள், கோபத்தில் அல்ல. அது புஷ்பவதிக்கும் தெரியும். ஆனாலும் முகம் சுருங்கிவிட்டது. புகை போகட்டும் என்று பின்கதவை இழுத்துத் திறந்தாள். காதுகளில் பாட்டுக் கேட்கும் குமிழ்களைச் செருகிக்கொண்டு பல்கனிக் கம்பியில் சாய்ந்திருந்த பிருந்தன், கதவு திறந்ததை உணர்ந்து திரும்பினான். அந்த நேரம் பார்த்து அவன் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு முகில் வெளியே வந்துகொண்டிருந்தது. அது நேரே அவள் முகத்தில் வந்து மோதியது.

தோடம்பழம்.

மூக்குக்குக் கிட்ட வைத்து யாரோ ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியதுபோல இருந்தது. தோலின் கசப்பும், கண்ணைக் கூசவைக்கும் அந்தச் சீறலும்கூட இருந்தன. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு பழையபடி ஒன்றுமில்லை. முதுகுக்குப் பின்னால் கருகிய பானை புகைந்துகொண்டிருந்தது. அதன் மணம் அவளுக்கு இன்னமும் தெரியவில்லை. ஆனால் தோடம்பழம் வந்து போனது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"தம்பி, இப்ப என்ன செய்தனீங்கள்?"

பிருந்தன் கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். முகம் வெளிறிவிட்டது. "மாமி, இது சிகரெட் இல்லை. கடவுளாணை நிக்கொட்டின் ஒரு துளியும் இல்லை. சும்மா மணத்துக்கும் ருசிக்கும்தான். சிவாஜினிக்கும் தெரியும்."

"அதைக் கேக்கேல்லை. என்ன மணம் அது?"

"தோடம்பழம், மாமி."

அவள் அங்கிருந்த வெறும் பால்பெட்டியில் குந்திவிட்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிருந்தனுக்குப் புரியவில்லை. அவளுக்கும்தான் புரியவில்லை.

"இன்னொருக்கா ஊதுங்கோ."

மாமிக்கு முன்னால் ஊதுவதா? அவன் நெளிந்தான். ஆனால் அவள் பார்வையில் இருந்ததைக் கண்டு, திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கும் அந்தச் சின்ன வேப் கருவியை எடுத்து இழுத்து, மரியாதைக்காகப் பக்கவாட்டில் ஊதினான். அவள் எழுந்து அந்தப் பக்கம் போய் முகத்தை நீட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஊதினான். அப்போதும் வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அவள் ஏதாவது சாக்குச் சொல்லிப் பல்கனிக்கு வந்தாள். துவாய் காயப்போட வந்தாள், பூச்சட்டியை உள்ளே எடுக்க வந்தாள். பிருந்தன் காற்றின் திசை பார்த்து ஊதுவான், அவள் காற்றின் திசை பார்த்து நிற்பாள். வரவில்லை. தான் கற்பனை செய்தேனோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. மூக்கு ஒரு தரம் விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிட்டதோ என்று பயமும் வந்தது.

கடைசியில் ஒரு பின்னேரம், சிவாஜினி வேலையில் இருந்தபோது, அவள் கையை நீட்டினாள்.

"தாருங்கோ. நானே ஒருக்கா இழுத்துப் பாக்கிறன்."

"மாமி!" பிருந்தன் பல்கனிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டான். "சிவாஜினி என்னைக் கொல்லுவா."

"என்னையும்தான் கொல்லுவாள். தாருங்கோ."

பிருந்தனிடம் பாவிக்காத கருவி ஒன்று இருந்தது. அதைச் சுடுதண்ணீரில் வாய்ப்பக்கம் கழுவித் துடைத்து, திரவம் விட்டு, இரண்டு கையாலும் நீட்டினான், கோயிலில் தட்டம் நீட்டுவதுபோல. அவள் இழுத்தாள். நெஞ்சுக்குள் போய் இடித்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினாள்.

"நெஞ்சுக்குள்ளை இழுக்கக் கூடாது. வாய்க்குள்ளை மட்டும் வச்சிருங்கோ, தேத்தண்ணி ஒரு மிடறு வச்சிருக்கிற மாதிரி. பேந்து மெல்லமா மூக்காலை விடுங்கோ, மாமி."

அவள் வாயை மூடினாள். மெல்ல மூக்கால் விட்டாள்.

வந்தது. இந்தமுறை முகத்தில் அடித்துவிட்டு ஓடவில்லை. தொண்டைக்குப் பின்னாலிருந்து ஏறி, தலைக்குள் எங்கோ பூட்டிக் கிடந்த ஓர் அறைக்குள் நுழைந்து, விளக்கைப் போட்டுவிட்டு நின்றது. முதலில் தோல், பிறகு சாறு, பிறகு மிகத் தூரத்தில் ஏதோ இனிப்பு. இத்தனை நாள் அவள் முன்கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள். பின்கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது!

மூச்சு விடவே அவளுக்குப் பயமாக இருந்தது. விட்டால் போய்விடுமே. ஆனால் விடத்தான் வேண்டும், விட்டால்தான் மணக்கும். இரண்டு மூக்குத் துவாரத்தாலும் வெள்ளைப் புகை வழிய, ஐம்பத்தாறு வயதில், பின்சந்துப் பக்கம் பார்த்த ஓர் இரும்புப் பல்கனியில் நின்று அவள் சத்தமாகச் சிரித்தாள். கீழே குப்பைவாளி தள்ளிக்கொண்டு போனவர் நிமிர்ந்து பார்த்தார்.

அன்றிலிருந்து மாமிக்கும் மருமகனுக்கும் இடையில் ஒரு பேச்சு தொடங்கியது. கியூபெக்கில் கடைகளில் சுவை சேர்த்த வேப் விற்பதைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் பிருந்தன் தன் பாவிப்புக்குத் தானே கலந்தான். படுக்கையறை அலுமாரியின் கீழ்த்தட்டில் சின்னச் சின்னப் போத்தல்களில் சாறுகள் வைத்திருந்தான். எண்ணெய் கலந்தது எதையும் தொடமாட்டான். "அது சுவாசப்பைக்கு ஆகாது, மாமி" என்பான். வர்ணம் கலக்கிற கை அல்லவா, ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் தெரிந்துவிடும். எந்தச் சுவை முன்னால் ஓடிவரும், எது பின்னால் தங்கி நிற்கும், எதை எதோடு சேர்த்தால் இரண்டும் செத்துப்போகும் என்று அவன் சொல்லச் சொல்ல, ஒரு வருடமாக வாய் திறக்காத பிள்ளை இவன்தானா என்று அவள் அதிசயித்தாள்.

எல்லாம் சரியாக வரவில்லை. ஸ்ட்ரோபெரி அவளுக்கு றப்பர் எரிவதுபோல இருந்தது. தேங்காய் வரவேயில்லை. வனிலா மூன்று கிழமை ஊமையாக இருந்துவிட்டு, ஒரு பின்னேரம் திடீரென்று வந்து நின்றது. ஒருநாள் அவன் பெருமையோடு மாம்பழம் ஒன்று கலந்துகொண்டு வந்தான். மாமி ஊரை நினைத்து உருகப் போகிறா என்று எதிர்பார்த்தான்.

அவள் இழுத்து, விட்டு, யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா மாம்பழம் வேணுமெண்டால் மாம்பழத்தை வெட்டிச் சாப்பிடலாமே."

பிருந்தன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு, தான் சிகரெட்டை விட்ட கதையைச் சொன்னான். கல்யாணத்துக்கு முன் சிவாஜினி வைத்த நிபந்தனை அது. வேப்புக்கு மாறி, நிக்கொட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்தான்.

"பூச்சியமாக்கின பிறகுதான் மாமி எனக்கு முதல்முதல் ருசி எண்டால் என்னெண்டு தெரிஞ்சது. முந்தி அது எனக்குத் தேவைப்பட்டது. கை நடுங்கும், அதுக்காகப் பத்துவன். இப்ப தேவையில்லை. பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். வேண்டாமெண்டால் நாளைக்கே வைச்சிடலாம். அதாலைதான் இன்னும் பிடிச்சிருக்கு."

புஷ்பவதி அன்றிரவு படுக்கையில் அதைப் பற்றி யோசித்தாள். தேவைப்பட்டதால் கொழும்புக்கு ஓடியது, தேவைப்பட்டதால் கனடா வந்தது, தேவைப்பட்டதால் தைத்தது, சமைத்தது, எல்லாமே தேவைதான். சும்மா பிடித்ததற்காக ஒன்றைச் செய்து எத்தனை காலம்? நினைவில் எதுவும் அகப்படவில்லை.

மார்கழியில் மாட்டிக்கொண்டார்கள். வேலை நேரம் மாறி சிவாஜினி முன்னதாகவே வீட்டுக்கு வந்தாள். பின்கதவுக் கண்ணாடியால் பார்த்தபோது, அம்மா கம்பளித் தொப்பியும் மேலங்கியுமாகப் பால்பெட்டியில் குந்தியிருந்து, இரண்டு மூக்குத் துவாரத்தாலும் காளைமாடுபோலப் புகை விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன் ஆவலோடு குனிந்து, "பின்னாலை மிளகு தெரியுதோ, மாமி?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சிவாஜினி ஆஸ்பத்திரியில் மூச்சுச் சிகிச்சை செய்பவள். கதவைத் திறந்தவள் முதலில் கணவனைப் பிடித்தாள்.

"உங்களுக்கு விசரோ? அம்மான்ரை வயசு தெரியுமோ? ஒவ்வொரு நாளும் மூச்சுக்குத் தவிக்கிற ஆக்களோடை நிண்டிட்டு வாறன் நான். இஞ்சை வந்தால் என்ரை வீட்டிலையே..."

"சிவா, நிக்கொட்டின் இல்லை..."

"நிக்கொட்டின் இல்லாட்டி நெஞ்சுக்கு நல்லதெண்டு ஆர் சொன்னது?" அவள் குரல் உடைந்தது. அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அப்பாவையும் பறிகுடுத்திட்டன். நீங்களும் போகப் போறியளோ?"

"எனக்கு மணக்குது, பிள்ளை."

சிவாஜினி நிறுத்தினாள். "என்ன?"

"தோடம்பழம் மணக்குது. வனிலா மணக்குது. இப்ப கொஞ்ச நாளா வெளியிலையும் மணக்கத் தொடங்கியிட்டுது." புஷ்பவதி எழுந்து நின்றாள். "நீ வேலையாலை வரேக்கை உன்னிலை ஆஸ்பத்திரிச் சவுக்காரம் மணக்குது. அதை மணக்கத்தான் நான் நீ வாற நேரம் கதவடியிலை வந்து நிக்கிறனான். உனக்குச் சொல்லேல்லை. சொன்னால் போயிடுமோ எண்டு பயம்."

மகள் குளிரையும் மறந்து பல்கனிக்கு வந்து, அம்மாவின் தோளில் தலையை வைத்தாள். புஷ்பவதி அந்தத் தலைமயிருக்குள் மூக்கைப் புதைத்தாள். சவுக்காரம் இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது, பிறந்த நாளிலிருந்து அந்தத் தலையில் இருந்தது. பிருந்தன் சத்தம் போடாமல் உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தான்.

சிவாஜினி விடவில்லை. அலைந்து திரிந்து மூக்கு நிபுணர் ஒருவரிடம் நாள் எடுத்து அம்மாவைக் கூட்டிப்போனாள். அந்த அம்மையார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். புகை விட்டதால்தான் மணம் திரும்பியது என்று தன்னால் சொல்லமுடியாது என்றார். வருடங்கள் கழித்துத் தானாகவே திரும்புவதும் உண்டாம். காலையும் மாலையும் சில மணங்களை மோந்து மூக்கைப் பழக்கச் சொன்னார். சுவாசப்பைக்கு நல்ல காற்றைத் தவிர எதுவும் தேவையில்லை என்றும் சொன்னார். சிவாஜினி அந்தக் கடைசி வசனத்தை இரண்டுதரம் மொழிபெயர்த்தாள்.

புஷ்பவதி கேட்டு நடந்தாள். பிருந்தனின் போத்தல்களிலிருந்து நாலு சாறுகளைப் பஞ்சில் நனைத்துச் சின்ன டப்பாக்களில் வைத்து, காலையும் மாலையும் சாமி கும்பிடுவதுபோலத் தவறாமல் மோந்தாள். பங்குனிக்குள் கறிவேப்பிலை வந்தது. மெத்ரோ ரயிலில் ஈர மேலங்கிகளின் மணம் வந்தது. ஒருநாள் குப்பைவாளியைத் திறந்து மோந்து, "ஐயோ, நாறுது!" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

வேப்பைப் பற்றி மட்டும் மகளோடு பேரம் பேசினாள்.

"ஞாயிற்றுக்கிழமையிலை கொஞ்சம். வாய்க்குள்ளை மட்டும். பேந்து கேக்கமாட்டன்."

"அம்மா, மூக்குத்தான் திரும்பீட்டுதே. இனி என்னத்துக்கு?"

"மருந்துக்கு இல்லை. எனக்குப் பிடிச்சிருக்கு."

அம்மா வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுச் சிவாஜினி திகைத்தாள். சம்மதிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கதவுப் பக்கம் வராமல் இருக்கப் பழகினாள்.

சித்திரைத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி உருகி முடிகிற நேரம். பின்சந்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வெயில் ஆறு மணிக்கும் மஞ்சளாக நின்றது. பிருந்தன் ஒரு சிறிய போத்தலோடு வந்தான். சில கிழமைகளாக இருட்டில் வைத்து ஊறவிட்டிருந்தானாம்.

"இதிலை என்ன இருக்கு?"

"சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ."

அவள் இழுத்தாள். வாய்க்குள் வைத்திருந்தாள். கண்ணை மூடி மூக்கால் விட்டாள்.

முதலில் குளிர்மை, ஆனால் புதினா அல்ல. பிறகு பச்சையாக ஏதோ விரிந்தது. இலை என்று நினைக்கும்போதே அது இலையாக இல்லாமல் போனது. பின்னால் ஒரு சூடு ஏறியது. அது மிளகாக இருக்கலாம், இல்லை. பழமா? பூவா? ஒவ்வொரு பெயரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், எதுவும் ஒட்டவில்லை. இதுவரை அவள் மோந்த ஒவ்வொரு மணமும் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு சாவு, ஒரு கல்யாணம். இது யாரையும் கூட்டிவரவில்லை. இதற்குப் பின்னால் எந்த முகமும் இல்லை. இந்தப் பல்கனியில், இந்த நிமிடம் பிறந்தது இது. இந்த வயதுக்கும் புதிதாக ஒன்று வருமா? உலகத்தில் இன்னமும் இப்படி மிச்சம் இருக்கிறதா? அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருட்டில் முதன்முதல் வானத்து வெள்ளி பார்த்த குழந்தைபோல வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

"மாமி?" பிருந்தன் பதறினான். "சரியில்லையோ?"

அவள் தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது. "கதைக்காதேங்கோ, தம்பி. இன்னும் நிக்குது."

பின்கதவு மெல்லத் திறந்தது. சிவாஜினி நின்றாள். கண்டிக்கத்தான் வந்தாள்போலும், ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். முகில் அவர்கள் மூவருக்கும் மேலாக எழுந்து, காற்றில் சாய்ந்து, சந்துக்குள் இறங்கியது.

கீழே நாயோடு போய்க்கொண்டிருந்த ஒரு கியூபெக் கிழவி நின்றாள். நாயும் நின்றது. அவள் மூக்கை உயர்த்தி, இரண்டுதரம் மூச்சிழுத்து, நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓ, ச சாந் போ(ன்)! செ குவா?" என்றாள். நல்லாய் மணக்குது, என்ன அது என்று கேட்டாள்.

சிவாஜினி கணவனைப் பார்த்தாள். அவன் மாமியைப் பார்த்தான். புஷ்பவதி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, இரவு வகுப்பில் படித்த பிரெஞ்சில், முகமெல்லாம் மலர, "ஜ ந சே பா, மதாம்" என்றாள். எனக்குத் தெரியாது, அம்மா.